உயிரோடு இருந்தவருக்கு அடித்த மணி

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்காக நின்றிருந்தேன். வேர்க்கடலை மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு மணி அடிச்சாங்களே, அதுலதாண்டி நாங்க பொழச்சோம்."

"இன்னாக்கா சொல்ற? உயிரோடதான இருக்காரு?"

"கல்லாட்டம் இருக்காரு. அப்ப காய்ச்சல்ல கண்ணு சொருகிடுச்சு. சாவறதுக்கு முன்னாடி எண்ணெ பூசணும், சாமியாரக் கூட்டியான்னு மாதா கோயில்ல மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்கு ஆளனுப்பினேன். அந்தாளுக்குக் காது மந்தம். நேரா போயி சாவு மணி அடிச்சுட்டாரு."

"அய்யய்யோ!"

"கோயில் சனமே மாலையும் ஒப்பாரியுமா வருது. வந்து பாத்தா, இவரு எழுந்து உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு."

"அதுவரிக்கும் யாரும் எட்டிப் பாக்கலியா?"

"பாத்தாங்க. 'ஜெபம் பண்றோம்'னு சொல்லிட்டுப் போனாங்க. மணி அடிச்சப்பறந்தான் வெக்கம் வந்துச்சு. சும்மா திரும்பிப் போவ முடியுமா? பிடுங்க ஆளில்லாம மல்லாட்ட காட்டுலியே முளை விட்டுக்கினு கெடந்துது. அத்தினி பேரும் எறங்கி மூணே நாள்ல பிடுங்கி, காய ஆஞ்சி, மூட்ட கட்டிக் குடுத்துட்டாங்க. கூலின்னு ஒருத்தரும் வாய் தெறக்கல."

"மாலைய இன்னா பண்ண?"

"மாதாவுக்குப் போட்டுட்டேன். வாடிப் பூடும்ல."

வண்டி வந்தது. மூட்டைக்குக் கைகொடுத்துக்கொண்டே மற்றவள் கேட்டாள்:

"யக்கா, நாங்க உங்க கோயில் இல்லதான். ஆனா எங்க கெணறு தூரெடுக்காம கெடக்குது. எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு மணி அடிக்கச் சொல்றியா?"

"அதுக்கு மொதல்ல அவரு படுக்கணுமேடி."

"அவரு என்னிக்குக்கா எழுந்தாரு?"