பஞ்சு வெச்ச வாய்

டாக்டர்: ...இன்னும் நல்லா திறங்க. ஆங். வெப்சைட்டுக்கெல்லாம் இடம் வாடகைக்கு விடறது உங்க கம்பெனிதானே?

நோயாளி: ஆங்... ம்ம்...

டாக்டர் மனைவி: வாய் நிறைய பஞ்சை அடைச்சிட்டுக் கேள்வி கேட்டா எப்படிங்க சொல்வாரு?

டாக்டர்: சரி, எடுத்தாச்சு. சொல்லுங்க. 'பல்லுக்குப் பகைவன்'னு ஒருத்தன் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சு சைட் நடத்தறான். உங்க சர்வர்லதான் இருக்கு.

மனைவி: சர்வர்னா... ஹோட்டல்ல பரிமாறுறவரா?

டாக்டர்: உனக்கு இதெல்லாம் புரியாது. எச்சில் உறிஞ்சற டியூபைப் பிடி.

நோயாளி: இருக்கும் டாக்டர். என்கிட்ட ஆயிரக்கணக்குல சைட் இருக்கு. அத்தனையும் படிச்சா பல்லோட கண்ணும் போயிடும்.

டாக்டர்: உங்க வீட்டுல குடியிருந்துகிட்டு ஒருத்தன் என்னைத் திட்டறான். வீட்டுக்காரருக்குப் பொறுப்பில்லையா?

நோயாளி: இந்த மாடியில நீங்க வாடகைக்கு இருக்கீங்க. இங்க ஒருத்தர் 'ஐயோ அம்மா'ன்னு அலறினா, கட்டட ஓனரையா பிடிச்சுக் கேப்பாங்க?

மனைவி: க்க்...

டாக்டர்: சிரிக்கிறியா?

மனைவி: இருமல்ங்க.

டாக்டர்: ஓனருக்குத் தெரியாம நடந்தா சரி. நான்தான் மெயில் மேல மெயில் போட்டுச் சொன்னேனே! தெரிஞ்சப்புறமும் கம்முனு இருந்தா?

நோயாளி: அது... நியாயமான கேள்விதான். அதனாலதான் 'எது பொய்னு காட்டுங்க, எடுத்துடறேன்'னு எழுதினேன். நீங்க 'எல்லாமே'ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிட்டீங்க.

டாக்டர்: எல்லாமேதான்!

நோயாளி: பல்லைக் குடையறப்போ பாடுவீங்கன்னு இருக்கே?

டாக்டர்: அது பாட்டில்ல... முணுமுணுப்பு.

மனைவி: பாட்டா இருந்தா பொறுத்துக்கலாமே.

டாக்டர்: நீ சும்மா இரு. ஊசி போட்டு மரத்துப் போறதுக்குள்ள ஆரம்பிச்சிடறேன்னு எழுதியிருக்கான் சார்! வெளிய பாருங்க, நாற்காலியெல்லாம் காலி. அதைப் படிச்சிட்டு ஒரு ஈ காக்கா வரல.

நோயாளி: அது நிஜமா பொய்யான்னு எனக்கெப்படித் தெரியும் டாக்டர்? இன்னிக்குத்தான் முதல் தடவையா வரேன்... ஆனா ஊசி போட்டும் எனக்கு இன்னும் மரத்துப் போகல...

டாக்டர்: போயிருக்கும். திறங்க.

மனைவி: என்னங்க, கொஞ்சம் பொறுங்களேன்...

டாக்டர்: எனக்குத் தெரியாதா?

நோயாளி: ஆஆஆஆ!

டாக்டர்: வலிச்சுதா?

நோயாளி: ஸ்ஸ்... அந்த வரியை மட்டும் எடுக்க முடியாது டாக்டர். இப்ப நானே சாட்சி.

டாக்டர்: அவசரத்துல... சரி, அது இருக்கட்டும். எழுதினவன் பேரையாவது சொல்லுங்க.

நோயாளி: பல்லைப் பிடுங்கினாலும் சொல்ல மாட்டேன்.

டாக்டர்: பிடுங்கத்தானே போறேன்.

மனைவி: அவரை விடுங்க! தம்பி, நீங்க கண்ணை மூடிக்கிட்டுச் சாஞ்சுக்கங்க. மரத்துப் போனா நான் சொல்றேன்.

நோயாளி: அக்கா... நீங்க பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்.

டாக்டர்: எதைப் பாத்துக்கறீங்க?

மனைவி: ஊசி போட்டா பொறுங்க, பொறுங்கன்னு வீட்டுல எத்தனை வருஷமா கத்தறேன்? அங்க உங்க காதுதான் மரத்துப் போயிருக்கு.

டாக்டர்: குடும்பக் கதையெல்லாம் அப்புறம்! சார், கடைசியா கேக்கறேன். எவன் அவன்?

மனைவி: எவன் எவன்னே கேட்டா பாவம் அவரு எப்படிங்க சொல்வாரு? எவள்னு கேளுங்க... நானே சொல்றேன்.