நடுக்கூடத்துச் சரவிளக்கு

அது தொண்ணூற்றேழாம் வருடமா, தொண்ணூற்றெட்டா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. விளக்குக்கு எட்டுக் கைகளா பத்தா என்றால்கூட, தலை நிமிர்ந்து எண்ணித்தான் சொல்ல வேண்டும். ஆனால் நல்ல கனமான பித்தளை. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பதுளை பசார் வீதியில் எங்கள் துணிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. அண்ணன் பாலசுப்பிரமணியம் நாற்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தபோது, நடுக்கூடத்துக்கு ஒரு சரவிளக்கு வேண்டும் என்றார்.

"நீயே பாத்து எடு வள்ளி. ரசனை உனக்குத்தான். எனக்கு எல்லா வெளக்கும் ஒண்ணுதான், சுவிட்சைப் போட்டா எரியணும்."

சரிதான். இருபது வருடமாக அந்த வீட்டில் திரைச்சீலையிலிருந்து தீப்பெட்டி வரை எல்லாம் என் தேர்வு. எனக்கு அப்போது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வருவதாகச் சொன்ன மூன்று குடும்பங்கள் வராமலே நின்றுபோயின. ஜாதகக் கோளாறு என்று நினைத்திருந்தேன். அண்ணனின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கண்டிக்குப் போனபோது, பாக்கியலெட்சுமி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இப்பல்லாம் வலிப்பு வர்றதில்லையாம்மா?"

எனக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. மூன்று வீட்டுக்கும் அப்படிச் சொல்லி அனுப்பியவர் அண்ணன். அம்மா படுக்கையில் கிடந்த காலம். வீட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதை நான் புரிந்துகொண்டேன். அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் விளக்குப் பார்க்கப் போனேன். பண்டாரவளைக் கடை ஒன்றில் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்த விளக்கு இருந்தது. கூரையோடு சேர்த்து முடுக்கிவிடுவது. அழகாகத்தான் இருந்தது. இன்னொன்று, ஹாலிஎலப் பக்கம் சாமான்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு துரை பங்களாவில். மண்ணெண்ணெய் எரித்த காலத்துப் பொருள். கூரைக் கப்பி வழியாக வந்த கயிறு சுவர்க் கொக்கியில் கட்டியிருந்தது. காவல்காரர் பொன்னையா இறக்கிக் காட்டினார்.

"இழுத்தா ஏறும், விட்டா எறங்கும். ஆனா கைய மட்டும் விட்டுராதீங்கம்மா. கீழ ஆளு நின்னா, அப்புறம் ஆளு இல்ல."

அதையே எடுத்தேன். துடைக்க வசதி என்று அண்ணனிடம் சொன்னேன். அதுவும் உண்மை. பல்பு மாட்ட வந்தவரிடம் வயரை நீளமாக விடச் சொன்னேன்.

வீட்டு வேலைக்கு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து கருப்பம்மா வந்துபோனாள். புளி போட்டு விளக்கைத் தேய்த்து, மேலே ஏற்றிக் கட்டுவது அவள் வேலை. "வெளக்கா இது, தேரு மாதிரியில்ல இருக்கு. வடம் புடிக்க நான் ஒருத்திதானா?" என்று சிரிப்பாள். மலையிலிருந்து விறகு இறக்குகிறவர்கள் போடும் முடிச்சுத்தான் போடுவாள். மூன்று சுற்று, நடுவில் ஒரு மடக்கு. பாரம் இழுக்க இழுக்க இறுகும்.

சனிக்கிழமை காலை அண்ணனுக்கு எண்ணெய்க் குளியல். கடை வாசல் தெரிய வேண்டும் என்று பலகையை நடுக்கூடத்தில்தான் போடச் சொல்வார். மனைவி யசோதினி வந்த பிறகும் எண்ணெய் வைப்பது நான்தான். "வள்ளி கை பட்டாத்தான் சூடு எறங்குது" என்பார். பிறகு எண்ணெய் ஊற அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல வைத்துவிட்டுக் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். எண்ணெய்க் கைக்குக் கயிறு வழுக்கும். வெட்டியிருக்கலாம், வெட்டினால் தெரியும். கருப்பம்மாவின் முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரம் பிடித்தது.

"வெந்நி காஞ்சிருச்சா வள்ளி?" என்றார் அண்ணன்.

"இந்தா, ஆச்சுண்ணே" என்றேன்.

விசாரணையில் கருப்பம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: "என் கட்டு அவிழாதுங்க." அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிறவள் அல்ல.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். அண்ணன் பலகையிலேயே இறந்துபோனார். வேலைக்காரியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு கருப்பம்மாவை எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை; இரண்டாயிரத்து மூன்றில் லயத்தில் இறந்தாள். பாக்கியலெட்சுமி அத்தை கண்டியில் சுகமாக இருக்கிறார். விளக்கு அதே இடத்தில் தொங்குகிறது. யசோதினி என்னோடு இருக்கிறாள். சமையல் அவள் பொறுப்பு. சனிக்கிழமைகளில் எனக்கு எண்ணெய் வைப்பதும் அவள்தான். பலகையை மட்டும் பின்கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதுதானே என்று மறுமணத்துக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். அவளுக்கு வலிப்பு உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கும் வயதாகிறது. வீட்டுக்கு ஆள் வேண்டும்.