மஞ்சள் வயர் மட்டும்

நீங்கள் கனடாவில இருந்து அனுப்பின டிவிடி பிளேயரில ஒரு பிழையும் இல்லை, வினோஜா. நல்ல சாமான். அலுமாரிக்குள்ள இருந்து சிவப்பு வெள்ளை வயரை எடுத்துக்கொண்டு வந்து, ஏன் இதைக் கொழுவேல்லை எண்டு கேக்கிறீங்கள். உங்கட அத்தான் மத்தியானம் படுத்து எழும்ப முன்னம் சொல்லிப்போடுறன்.

சீனி வருத்தத்தால அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது உங்களுக்குத் தெரியும். ரீவியில முகம் பிடிபடாது. போனில அறவே இல்லை. எங்கட பழைய புரொஜெக்டரில சுவர் நிறையப் படம் விழுந்தால் மட்டும் ஆரெண்டு மட்டுக்கட்டுவார். அதாலதான் மகள் தேனுகாவின்ர பிறந்தநாள் டிஸ்க்கை உங்களிட்டக் கேட்டவர்; நீங்களும் பிளேயரோட சேர்த்து அனுப்பினீங்கள். உங்கட அக்கா நிரோஜாவும் பிள்ளையும் முள்ளிவாய்க்காலில போனாப் பிறகு இவரிட்ட அவையளின்ர ஒரு படமும் மிஞ்சேல்லை.

புது பிளேயரின்ர வயர் பழைய புரொஜெக்டருக்குள்ள போகேல்லை. கிளிநொச்சியில விஜிதரன்ர கடைக்கு நான்தான் கொண்டுபோனனான்.

“சின்ன வேலை அக்கா. நடுவில இந்தப் பெட்டியைப் போடுங்கோ. மஞ்சள் வயர் புரொஜெக்டருக்கு, படம் வரும். சிவப்பும் வெள்ளையும் ஸ்பீக்கருக்கு, சத்தம் வரும்” எண்டு தந்தவர்.

வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்து, “ஏலாதாம்” எண்டன். அவர் நான் சொன்னால் நம்புவார்.

பதினொரு வருசம் இவரோட இருக்கிறன். சோறு, குளிசை, ஊசி எல்லாம் என்ர கையால. நித்திரையில கூப்பிடுறது மட்டும் நிரோஜாவை. கண்ணில மிஞ்சிக் கிடந்த வெளிச்சத்தையும் அவாவுக்குக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. ஆறு மாசத்தில பார்வை முழுசாப் போயிடும் எண்டு கண் டொக்டர் சொன்னவர். நான் பொறுத்திருந்தன். ஐஞ்சாம் மாசமே போயிட்டுது.

அடுத்த கிழமை பெட்டியை எடுத்து மஞ்சள் வயரை மட்டும் கொழுவினன். யன்னலுக்குப் பெட்சீற் கட்டினன். “படம் வந்திட்டுது” எண்டு சொல்ல, அவர் கதிரையைத் தடவி இழுத்துச் சுவருக்குக் கிட்டப் போட்டார்.

அப்பதான் உங்கட அக்காவை முதன்முதல் கண்டனான். பச்சைச் சீலை. பிள்ளைக்குக் கேக் தீத்திப்போட்டு, கமராவைப் பாத்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறா. கமரா பிடிச்சது இவர்தானே.

“சத்தம் வருதில்லையே?”

“சத்தத்துக்கு வழியில்லையாம்.”

“அப்ப நீர் பாத்துச் சொல்லும்.”

பிள்ளை பலூனோட ஓடுறதைச் சொன்னன்.

“நிரோஜா?”

“அவா இதில இல்லை.”

“பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டவாதானே...”

“பிள்ளை மட்டும்தான்.”

கையை நீட்டிச் சுவரைத் தடவினார். பிறகு, “எனக்குத்தான் மறந்துபோச்சுப் போல” எண்டார்.

அந்த நாளில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் போடச் சொல்லுவார். நானும் போடுவன். பிள்ளையைப் பற்றி ஒண்டும் விடாமல் சொல்லுவன்.

போன கிழமை, நிரோஜாவின்ர குரல் எப்பிடி எண்டு ஞாபகம் வருதில்லை எண்டு சொல்லி அழுதவர். கை ரெண்டையும் முழங்காலில வைச்சுக்கொண்டு, சத்தமில்லாமல். சிவப்பு வெள்ளை வயர் அப்ப என்ர மடியிலதான் கிடந்தது. அதை ஒரு பக்கம் வைச்சிட்டு, அவற்ர கண்ணைத் துடைச்சுவிட்டன்.

நீங்கள் என்னவும் நினையுங்கோ, வினோஜா. அவர் அழேக்க பக்கத்தில இருக்கிறது அவா இல்லை, நான்.