தவசீலனின் பிடில் நடை

அஜந்தா, உன் அப்பாவுக்கு என் தேத்தண்ணி பிடித்திருந்தது. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினார். அவருடைய கடைசி நேரம் எப்படி இருந்தது என்று எழுதிக் கேட்டிருந்தாய். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்று திங்கட்கிழமை. பாரிஸ் லா சப்பலில் என் தையல்கடை பூட்டு. உன் அப்பா புறநகர் பொண்டியிலிருந்து ரயிலேறி வந்து பின்கதவைத் தட்டினார். இருபது வருடமாக நாங்கள் பேசியதில்லை. நம் கலியாணங்களில் மாப்பிள்ளை நடந்து வரும்போது பிடிலில் ஒரு நடை வாசிக்கிறார்களே, அது தன்னுடைய மெட்டு, வன்னியில் கட்டியது என்று என் அண்ணன் தவசீலன் சொல்லிவந்தார். இசைக்குழுத் தலைவரான உன் அப்பா நிறைந்த மண்டபத்தில் எழுந்து நின்று, "பழைய மெட்டைக் களவெடுத்துப்போட்டுத் தன்ரை எண்டு சொல்லுறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் அதன் பிறகு பிடிலைத் தொடவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து அவர் உடலைக் கால்வாயிலிருந்து தூக்கினார்கள்.

அந்த நடையின் மூலத்தைத் தேடி உன் அப்பா புத்தகம் எழுதுவது எனக்குத் தெரியும். போர்த்துக்கேயர் காலத்தது என்றார்கள் சிலர். பாதிரிமாரின் பாண்டு வாத்தியத்திலிருந்து வந்தது என்றார்கள் சிலர். அன்று அவர் ஒரு கசெட்டும் அதைப் போடும் பழைய பெட்டியும் கொண்டுவந்து, போட்டுக் காட்டினார்.

"கேளும், தங்கச்சி. தொண்ணூறாம் ஆண்டு வன்னியிலை தவசீலன் வாசிக்கப் பதிஞ்சது. இஞ்சை தடுமாறுறான், பிறகு மெட்டை மாத்திப் பிடிக்கிறான். அவன்தான் கட்டினவன். நான் பெரிய பிழை விட்டிட்டன். புத்தகத்திலை எழுதப்போறன்."

அழுதார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவார். மன்னிப்புக் கேட்ட பெரிய மனிதர் என்று அதே மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்.

அப்போதுதான் நெஞ்சைப் பிடித்தார்.

"கோட்டுக்குள்ளை மருந்து கிடக்கு, எடும்."

கோட் எனக்குக் கையெட்டும் தூரத்தில் தொங்கியது.

"முடியட்டும் அண்ணை, கேட்பம்" என்றேன்.

நடை முடிந்தது. திருப்பிப் போட்டேன். இரண்டாம் முறை பாதியில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நாடாவை உருவி, துணி வெட்டும் கத்திரியால் நறுக்கினேன். வேறு பிரதி இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். அதன் பிறகே அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மாரடைப்பு என்று எழுதினார்கள், அது பொய்யில்லை. இந்தக் கடிதத்தைப் பொலிசிடம் கொடுப்பதென்றால் கொடு.

நீ அச்சிட்டு அனுப்பிய அவருடைய புத்தகம் கிடைத்தது. நன்றாக வந்திருக்கிறது. அந்த நடைக்கு நேரே, கட்டியவர் பெயர் தெரியவில்லை என்று போட்டிருக்கிறாய். பரவாயில்லை. என் அண்ணனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது.