விதைத்த மண்ணில் இருக்கும் காலடிகள் என்னுடையவைதான்

அழைக்கும் பெயர்: நூல்காரர். வயது: 54. தொழில்: தோட்ட வேலை. விலாசம்: நாற்றுப் பண்ணைக்குப் பின்புறம், இரண்டாவது சந்து, கதவு எண் 14.

நான் மேற்சொன்ன விலாசத்தில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். எதற்கெடுத்தாலும் நூல் பிடித்து அளப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இறந்துபோனவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் கிடந்த இடம் வரை என் காலடி மட்டுமே இருப்பதாலும், பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்ததாலும் என்மீது சந்தேகம் என்று அவருடைய மகன் புகார் கொடுத்திருப்பதாக அறிந்து, விசாரணைக்கு வந்திருக்கிறேன்.

டிரைவரின் மனைவிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்து, கைத்தடியுடன் நடந்துவருகிறார். வெறுங்காலில் புல்லில் நடந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, வீட்டின் பின்புறம் புல்தரை வேண்டும் என்று டிரைவர் என்னை அழைத்தார். சுருட்டி வரும் புல்லை விரித்தால் சீக்கிரமே நடக்கலாம் என்றேன். "வேணாம், வெதச்சே வரட்டும். அவளும் தினம் எட்டிப் பாப்பா, பொழுது போகும்" என்றார்.

அதன் பிறகு ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, மட்கிய எரு கலந்து, இரண்டு வாரம் ஆறப்போட்டேன். தலைகாட்டிய களைகளைப் பிடுங்கினேன். அதன் பிறகு மண் உள்வாங்காமல் இருக்கக் குதிகாலால் அடிமேல் அடிவைத்து முழுவதும் மிதித்து, வாரியால் வாரிச் சமன் செய்தேன். ஓரத்தில் ஓரடி நடைபாதை விடுவது எங்கள் வழக்கம். சுவர் வரைக்கும் பச்சையாக இருக்கட்டும் என்று டிரைவர் ஆசைப்பட்டதால் விடவில்லை. அதன் பிறகு விதையை மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவி, லேசாகக் கிளறிவிட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்தேன்.

அதன் பிறகு சமையலறைப் படிக்கு முன்னால் கயிறு கட்டி, "இருபத்தஞ்சு நாளைக்கு ஒரு கால் படக்கூடாது. பட்டுச்சுன்னா அத்தனையும் போச்சு" என்று இருவரிடமும் சொன்னேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம். ஒன்றைப் பத்தாகச் சொன்னால்தான் வீட்டுக்காரர்கள் பாதியாவது கேட்பார்கள். டிரைவர் சிரித்தார். "முப்பத்தெட்டு வருஷம் ஒருவழிப் பாதையில தப்பா வண்டி விட்டதில்ல, உங்க கயிற மீறுவேனா?" என்றார். மோட்டார் கொட்டகை எதிர்ச் சுவர் ஓரம் இருப்பதால், அன்று முதல் அவர் வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், பின்சந்து சுற்றி, கொட்டகையின் சிமென்ட் தளத்தில் திறக்கும் பின்கதவு வழியாக உள்ளே வந்து மோட்டார் போட்டார். நாய் நுழைந்தால் மண்ணைப் பறிக்கும் என்று நான் சொன்னதால், உள்ளே வந்ததும் தாழ் போட்டுக்கொள்வார்.

விதைத்த ஒன்பதாம் நாள் காலை ஏழு மணி வாக்கில் தண்ணீர் விடச் சென்றேன். வாசல் திறந்திருந்தது. கூப்பிட்டும் பதில் இல்லை. பக்கவாட்டு வழியாகச் சமையலறைப் படிக்குப் போனபோது, கொட்டகை முன்னால் டிரைவர் குப்புறக் கிடப்பதைப் பார்த்தேன். கயிற்றைத் தாண்டி நேராக ஓடினேன். பதினாறு எட்டில் போய்ச் சேர்ந்தேன். புரட்டிப் பார்த்தபோது மூச்சு லேசாக இருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அப்போதுதான் பின்கதவை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. தாழை எடுத்தேன். அந்த அம்மா தடியோடு கதவில் சாய்ந்து நின்றார், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அவர் விழுந்ததைப் பார்த்து, சந்து முழுக்கச் சுற்றி வந்து, தாழிட்ட கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. "மிதிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே தம்பி, அதான் சுத்தி வந்தேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மாரடைப்பு என்றும், கால் மணி நேரம் முன்னால் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதன் பிறகு ஆஸ்பத்திரி நடையில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் குறுக்க போயிருந்தா எல்லாம் வீணாப் போயிருக்கும்ல தம்பி?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். நாக்கு கூசியது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

அப்படியானால் நீங்கள் ஏன் மிதித்தீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு என் பதில்: விதைத்த மண்ணில் ஒருவர் ஒருமுறை நடந்தால் ஒன்றும் ஆகாது. குழிந்த இடத்தில் வாரியால் இரண்டு இழுப்பு இழுத்து, ஒரு பிடி விதை தூவினால் சரியாகிவிடும். இது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

இதை அந்த அம்மாவுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டேன். புகார் கொடுத்த மகனுக்கு நகல் போகும், அவர் வீட்டில் படிப்பதை யாரும் தடுக்க முடியாது என்று அதிகாரி சொன்னார். அந்த வரிகளை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். எடுத்தால் காலடிக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும் என்றார். என்னிடம் வேறு காரணம் இல்லை.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
நூல்காரர்