ஐந்து நிமிடம் நின்றவர்

மேடையில் மாலையோடு வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே! கணவரை இழந்து எதிரில் அழுது ஓய்ந்து அமர்ந்திருக்கும் பிரிசில்லா அம்மா அவர்களே! இந்தச் செங்கல்பட்டு வெயிலில் வேலையை நிறுத்திவிட்டு அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தோழர்களே! தர ஆய்வுப் பிரிவின் வசுமதி பேசுகிறேன், வணக்கம்.

இயக்குநர் ஐயா, எங்கள் தலைமை வடிவமைப்பாளர், கன்வெர்ட்டர் செம்மல் தேவசகாயம் அவர்கள் கவனக்குறைவால் இறந்தார் என்று அறிக்கை எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கவனக்குறைவு?

செய்யூர் நிலக்கடலைக் காட்டு பம்ப் மோட்டார்கள் குறைந்த மின்னழுத்தத்தில் திணறுவதைப் பார்த்துத்தான் அவர் திடநிலை டிரான்ஸ்பார்மரைக் கையில் எடுத்தார். அதில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. கன்வெர்ட்டர்களே மின்சாரத்தை மாற்றித் தரும். வீணாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் எங்களோடு சண்டை போட்டவர் அவர். ஒன்றை மட்டும் வீண் என்று சொல்லவே மாட்டார். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். அதை ஐந்து நிமிடத்தில் வடித்துவிடும் சின்ன ரெசிஸ்டர் அது. கருவி ஓடும்போதும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும். "அது வேஸ்ட்டு இல்ல மேடம், நம்ம உசுருக்குக் காவலு. அதுல மட்டும் கை வெக்காதீங்க" என்பார்.

கை வைத்தீர்களே! திறன் தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட ஒரு துளி குறைகிறதென்று, அவர் வேளாங்கண்ணி போயிருந்த வாரத்தில் அதைக் கழற்றச் சொன்னீர்கள். திரும்பி வந்தவரிடம் சொன்னீர்களா?

மின்சாரம் தாக்கி அவர் விழுந்தபோது பக்கத்தில் நின்றவர் டெக்னீஷியன் எல்லப்பன். விசாரணையில் அவர் என்ன சொன்னார்? "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிசம் வாட்ச்சப் பாத்துகினே நின்னாரு சார். மீட்டர் வெச்சுப் பாக்கத்தான் கைய நீட்டுனாரு." இதுவா கவனக்குறைவு? இந்த வாக்குமூலம் உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

முறைக்காதீர்கள் ஐயா, நான் இன்னும் முடிக்கவில்லை. ரெசிஸ்டரைக் கழற்றச் சொன்ன அந்த மாற்ற உத்தரவில் கையெழுத்து இரண்டு. ஒன்று உங்களுடையது. இன்னொன்று என்னுடையது. அவரிடம் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். பிரிசில்லா அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னீர்கள். எடுக்கிறேன்! நாளைக் காலை அந்த உத்தரவின் நகலோடு தொழிற்சாலை ஆய்வாளர் முன் நிற்பேன். ரெசிஸ்டர் திரும்ப ஏறும்வரை ஒரு கன்வெர்ட்டர்கூட என் கையெழுத்தோடு வெளியே போகாது.

அழைப்பிதழில் ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறீர்கள். தேவசகாயம் ஒரு நிமிடத்தில் கை நீட்டியவர் அல்ல. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஐயா, நீங்களும்தான். ஐந்து நிமிடம். எல்லப்பன், வாட்ச்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.