செல்வி அங்கே இல்லை

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னலோரத்தில் இருந்தவளின் குரல் உயர்ந்துவிட்டது.

“எம் பொண்ணு அந்த ஆசிரமத்துல இல்லன்னு என் மனுவுக்கு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. ஆனா போன வாரம் நான் போனப்ப அவதான் எனக்கு கேட்டத் தொறந்து வுட்டா.”

“இன்னாடி சொல்ற? ஆபீசருங்க உள்ள போய்ப் பாக்கலியா?”

“போனாங்க. செல்வின்னு யாருனா இருக்கீங்களான்னு கேட்டாங்களாம். யாரும் வாயத் தொறக்கல. அங்க சேந்தவங்களுக்கெல்லாம் சாமியாரு புதுப் பேரு வெச்சிருக்காரு. பழைய பேரச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்கக் கூடாதாம்.”

“போட்டோ குடுத்தியே?”

“குடுத்தேன். கவர விட்டு வெளியவே எடுக்கலியாம்.”

“அப்ப தெரிஞ்சிக்கினேதான் பேரக் கேட்டிருக்கானுங்க.”

“எனக்கும் அந்த சந்தேகம்தான்.”

“சரி, இன்னிக்கு கலெக்டராண்ட குடுக்கப்போற மனுவுலனா அந்தப் புதுப் பேர எழுதிக்கினு வந்தியா?”

ஜன்னலோரத்தில் இருந்தவள் மடியிலிருந்த மனுவை உள்ளங்கையால் மூடினாள்.

“எழுதலக்கா. நானும் அந்தப் பேர எழுதிட்டா, அவ செல்வின்னு சொல்ல அப்புறம் யாரு இருக்கா?”